எச்.எம். பக்கமா, தாளாளர் பக்கமா?

காலாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரத்தில் வாசகர் கடிதங்களில் ஒரே பேச்சாக இருக்கிறது: பள்ளிக்கூடத்து மேலிடத்தில் சண்டை, பெற்றோர் என்ன செய்வது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் எச்.எம்.முக்கும் தாளாளருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இருவரும் பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நாங்கள் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், தென்காசி

டைம்டேபிள் பக்கம். முதல் பீரியட் நடந்ததா, ஆய்வகம் திறந்ததா, மாதத் தேர்வுத் தாள் திருத்தி வந்ததா? இதில் எது நின்றிருந்தாலும் இருவரிடமும் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். நாலு பெற்றோராகச் சேர்ந்து போங்கள். எதிரில் இருப்பவர் பேச்சு அங்கேயே பாதி குறைந்துவிடும்.

கேள்வி: படித்தவர்கள், பெரிய பொறுப்பில் இருப்பவர்கள். அப்படி எதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்?
– ஒரு தந்தை, கும்பகோணம்

அதிகாரம் இரண்டு கையில் இருப்பதுதான் பாதிக் காரணம். உதவிபெறும் பள்ளியில் இடமும் கட்டடமும் நிர்வாகத்துடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தருவது கல்வித் துறை. வகுப்பு நடப்பதற்குப் பொறுப்பு எச்.எம்., சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது நிர்வாகத்தின் செயலர். இந்த நிலையில் ஒரு பணியிடம் காலியானால் போதும், யாரைப் போடுவது என்று ஆரம்பிக்கும். பிளஸ் 1 சேர்க்கையில் யாருக்கு எந்தக் குரூப் என்று அடுத்தது வரும். ரசீது இல்லாமல் வாங்கிய பணம் யார் கையில் என்பது கடைசியில் வரும். ஆனால் முதலிலிருந்தே உள்ளுக்குள் இருப்பது அதுதான்.

அறக்கட்டளையே இரண்டாகி, இரண்டு பேர் 'நான்தான் செயலர்' என்று வந்து நின்றால் நிலைமை இன்னும் மோசம். யார் கையெழுத்தைத் துறை ஏற்கும் என்று தெரியும்வரை சம்பளப் பட்டியல் நகராது. பிறகு துறையே நேரடியாகச் சம்பளம் தர ஏற்பாடு செய்யும். ஆசிரியர்கள் இதை 'டைரக்ட் பேமென்ட்' என்பார்கள். அது வந்து சேர்கிறவரை வீட்டுக்கடன் தவணைக்கு என்ன செய்வது என்ற யோசனையோடுதான் உங்கள் பிள்ளைக்குப் பாடம் நடக்கும்.

இப்படி ஒரு பள்ளியில் அலுவலகக் கதவில் இரண்டு பூட்டுத் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று எச்.எம். போட்டது, இன்னொன்று நிர்வாகம் போட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சாதிச் சான்று நகல், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் உள்ளே. வெளியே படிக்கட்டில் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் போனஃபைடு வாங்க வந்தவர். அன்றைய கூலி போயிற்று, சான்றும் கிடைக்கவில்லை. மறுநாளும் வர வேண்டுமா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடச் சண்டை என்றாலே எனக்கு நினைவு வருவது அவர் முகம்தான்.

கேள்வி: எங்கள் எச்.எம். தங்கமானவர். அவரை மாற்றக் கூடாது என்று பிள்ளைகளோடு சாலை மறியல் செய்யலாமா?
– சில பெற்றோர், விழுப்புரம்

நீங்கள் கேளுங்கள். பிள்ளைகளை ரோட்டில் உட்கார வைக்காதீர்கள். 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசுப் பள்ளியில், மாறுதலாகிப் போன ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுத படம் நாடு முழுவதும் போனது. அவரை விடுவிப்பதைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். அந்த அழுகையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால்தான் அது எல்லோரையும் தொட்டது. மேலிடச் சண்டையில் பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்து நிறுத்துவது வேறு. அந்த வாசகம் பிள்ளை எழுதியதில்லை. நாளைக்கு எதிரணி ஜெயித்தால், அட்டையோடு நின்ற முகம் யார் யாருடையது என்று நினைவில் வைத்துக்கொள்ளும்.

கேள்வி: எச்.எம். கேவலமாகப் பேசுவதாக ஒரு ஆடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கிறது. குரல் அவருடையதுதான், சந்தேகமே இல்லை. எல்லோரும் கொதித்துப் போயிருக்கிறோம். உடனே நடவடிக்கை கேட்கலாம் அல்லவா?
– ஒரு வாசகர், திருப்பூர்

விசாரணை கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். தண்டனையை மட்டும் இன்றைக்குக் கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம், பால்டிமோர் கவுன்டியில் பைக்ஸ்வில் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. 2024 ஜனவரியில் அந்தப் பள்ளி முதல்வரின் குரலில் ஒரு ஆடியோ பரவியது. கறுப்பின மாணவர்களையும் யூதர்களையும் இழிவாகப் பேசும் பேச்சு. யூதக் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர் அது. பெற்றோர் கொதித்தார்கள், கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பள்ளிக்குப் போன் மேல் போன். முதல்வரை விடுப்பில் அனுப்பினார்கள். அவருக்கும் குடும்பத்துக்கும் மிரட்டல் வந்து, வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் போலீஸ் கைது செய்தது அதே பள்ளியின் விளையாட்டுப் பிரிவு இயக்குநரை. போலீஸ் சொன்ன காரணம் அலுவலகச் சண்டைதான். தன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவருக்கு, பயிற்சியாளர் வேலை பார்த்ததாகக் காட்டி 1,916 டாலர் கொடுக்க வைத்தார் என்று முதல்வர் அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது என்ற நிலை. அந்த நேரத்தில்தான் செயற்கை நுண்ணறிவால் செய்த அந்தக் குரல் சில ஆசிரியர்களின் மின்னஞ்சலுக்கு வந்தது. அவர்களில் ஒருவர் அதை ஒரு மாணவருக்கு அனுப்பினார், அந்தப் பிள்ளை வேகமாகப் பரப்பும் என்று தெரிந்தே. 2025 ஏப்ரலில் அந்த இயக்குநருக்கு நான்கு மாதச் சிறை கிடைத்தது. குற்றத்தை நேரடியாக ஒப்புக்கொள்ளாமல், அரசுத் தரப்பு ஆதாரம் தண்டிக்கப் போதுமானது என்று மட்டும் ஏற்கும் வகையில் அவர் மனுச் செய்திருந்தார். முதல்வர் பைக்ஸ்வில்லுக்குத் திரும்பவில்லை, வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

அங்கே பெற்றோர் கோபப்பட்டது தவறே இல்லை. அப்படிப் பேசியவர் கையில் எந்தத் தாயும் பிள்ளையை விடமாட்டாள். ஆனால் அந்தக் கோபம் எப்படிப் பாயும் என்று பள்ளிக்குள் இருந்த ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவர் அதைத் தன் கணக்குத் தீர்க்கப் பயன்படுத்திக்கொண்டார். உங்கள் குரூப்பில் முதலில் போட்டவருக்கு அந்த ஆடியோ எங்கிருந்து வந்தது? அவருக்கு அனுப்பியவர் யார்? முழுப் பதிவு எங்கே? இதை எழுதி முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள், ஆடியோவையும் அவரிடமே கொடுங்கள். ஃபார்வர்டு வேண்டாம்.

கேள்வி: எச்.எம். மீது நிர்வாகம் விசாரணை நடத்தியது. அறிக்கையைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டாமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்குமா?
– ஒரு வாசகர், ஈரோடு

கிடைப்பது கஷ்டம். ஊழியருக்குக் கொடுத்த மெமோ, விளக்கம் கேட்கும் நோட்டீஸ் எல்லாம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய தர வேண்டாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. விசாரணையில் இருக்கும் மனிதருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. ஆனால் காலிப் பணியிடம் எத்தனை, அரசு தந்த மானியம் எவ்வளவு, எதற்குச் செலவானது? உதவிபெறும் பள்ளி என்றால் இவற்றைக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆளைப் பற்றிக் கேட்பதைவிடக் கணக்கைக் கேட்பது நல்லது, பல நேரம் சண்டையின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இரண்டு நிர்வாகிகளுக்குள் பாலியல் தொந்தரவுப் புகார் என்று பேச்சு. பெயர்களை வெளியிடச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறோம். பள்ளி மறுக்கிறது. மூடி மறைக்கிறார்களா?
– ஒரு தாய், சென்னை

இல்லை. சட்டப்படி அவர்கள் சொல்லக் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சி எல்லோருடைய அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடத் தடை போடுகிறது. நீங்கள் கேட்கக் கூடியது: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இந்தப் பள்ளியில் உள் புகார்க் குழு இருக்கிறதா, 90 நாளில் விசாரணை முடியுமா? பெயரைத் தோண்டினால் புகார் கொடுத்த பெண்தான் முதலில் காயப்படுவார். அடுத்த பெண் வாயைத் திறக்கமாட்டார்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதில் எங்காவது ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால், அந்த நிமிடமே இது அலுவலகச் சண்டை இல்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைக்கும் பள்ளிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. பள்ளிக்கமிட்டி கூடட்டும், நிர்வாகம் முடிவு செய்யட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். 1098க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: டி.சி. கேட்டால் பழைய எச்.எம். "புதியவரைப் பாருங்கள்" என்கிறார். புதியவர் "எனக்கு இன்னும் பொறுப்பு தரவில்லை" என்கிறார்.
– ஒரு தந்தை, கடலூர்

எட்டாம் வகுப்பு வரை என்றால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உங்கள் கையில் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்கு உடனே டி.சி. தர வேண்டும். தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கை. டி.சி. வரவில்லை என்று சேரும் பள்ளி சேர்க்கையை நிறுத்தவும் முடியாது, அதனால் முதலில் போய்ச் சேர்த்துவிடுங்கள். இப்போது டி.சி. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில்தான் தயாராகிறது. லாகின் ஒருவர் கையில், முத்திரை இன்னொருவர் கையில் என்றால் அதைத் தீர்ப்பது மாவட்டக் கல்வி அலுவலர் வேலை. 14417 உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வகுப்பு டீச்சர் ரொம்ப நல்லவர். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். படித்துப் பார்த்தால் தாளாளருக்கு எதிரான புகார். முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை.
– ஒரு தாய், நாகர்கோவில்

"உங்களுக்கு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை டீச்சர். என் பிள்ளைக்கு நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்." இதைச் சொன்னால் நல்ல டீச்சர் வருத்தப்படமாட்டார்.

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எஸ்எம்சி தலைவி நான். எச்.எம்.முக்கும் பட்டதாரி ஆசிரியர் ஒருவருக்கும் தகராறு. எச்.எம். தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து "இங்கே போடும்மா" என்கிறார். நான் ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, தருமபுரி

அம்மா, நீங்கள் கூட்டத்தில் கை தட்ட வந்தவர் இல்லை, தலைவி. எஸ்எம்சி எனும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்றுதான் அப்படி எழுதினார்கள்.

புத்தகத்தை வாங்கி, படித்த பெண் யாராவது கூட்டத்தில் இருந்தால் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தேதி போட்டிருக்கிறதா, வந்தவர்கள் பெயர் இருக்கிறதா, கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்றுக் கோடு விட்டிருக்கிறார்களா? வெற்றிடம் இருந்தால் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்குக் கீழே போடுங்கள். கூட்டம் நடக்காத நாளுக்குக் கையெழுத்து வேண்டாம். ஒரு ஆசிரியரைக் கண்டிக்கவோ மாற்றவோ உங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை, ஆகவே அப்படி ஒரு தீர்மானத்துக்கு உங்கள் பெயர் எதற்கு? 'வகுப்புகள் தடையில்லாமல் நடக்க வேண்டும், அதற்கு இருவரும் பொறுப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். அதில் போடுங்கள், பெரிதாகவே போடுங்கள்.

கேள்வி: இருவரும் வேறு வேறு சாதி. ஊரும் அப்படியே பிரிந்து நிற்கிறது.
– பெயர் வேண்டாம், நெல்லை மாவட்டம்

அப்படியானால் சண்டை இதற்குள் வகுப்பறைக்குள் போயிருக்கும். பிள்ளைகளின் கையில் சாதி அடையாளக் கயிறு நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போட வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எதற்காக அப்படிச் சொன்னார்கள் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எதிர்ச் சாதிப் பெற்றோர் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு ஒரே மனுவோடு போங்கள். கடினம்தான், தெரியும். அந்த இரண்டு கையெழுத்து இல்லாமல் நீங்கள் கொடுக்கும் எதுவும் சாதி மனுவாகத்தான் படிக்கப்படும்.

கேள்வி: மெட்ரிக் பள்ளி. பாதி ஆண்டில் பிரின்சிபல் போய்விட்டார். "சொந்தக் காரணம்" என்கிறது மேனேஜ்மென்ட். அவரோ புதிய பள்ளி ஆரம்பிக்கிறேன், பிள்ளைகளோடு வாருங்கள் என்கிறார்.
– ஒரு தம்பதி, கோவை

ஏன் போனார் என்பது அவர்கள் இருவர் விஷயம். எத்தனை ஆசிரியர் கூடப் போனார்கள், பிளஸ் 2 இயற்பியல் யார் எடுக்கிறார், தேர்வுத் துறைக்கான வேலைகளுக்கு யார் பொறுப்பு என்பது உங்கள் விஷயம். எழுத்தில் கேளுங்கள். சுயநிதிப் பள்ளிக்கு எஸ்எம்சி சட்டம் பொருந்தாது. மாவட்டக் கல்வி அலுவலர்களில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார், மனுவின் நகல் அவருக்கும் போகட்டும்.

புதிய பள்ளி என்றால் பிரின்சிபல் முகத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். அங்கீகார ஆணை, கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். அந்தப் பள்ளியிலும் பெற்றோர் நம்பித்தான் விட்டார்கள்.

கேள்வி: இருவருமே வேண்டாம். பெற்றோரே நிர்வாகத்தை எடுத்து நடத்தினால் என்ன?
– ஒரு வாசகர், மதுரை

1968இல் நியூயார்க் நகரத்தின் ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்து பார்த்தார்கள். கறுப்பினப் பெற்றோருக்கு அதற்கான நியாயம் முழுக்க இருந்தது. தலைமுறையாக அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மட்டமான பள்ளி. பகுதி மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் 13 ஆசிரியர்களையும் 6 நிர்வாகிகளையும் தங்கள் பள்ளிகளிலிருந்து வெளியே அனுப்பியது. ஆசிரியர் சங்கம் நகரம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. மொத்தம் 36 பள்ளி நாள், சுமார் பத்து லட்சம் பிள்ளைகள். கறுப்பினத்தவருக்கும் யூத ஆசிரியர்களுக்கும் இடையில் அன்று விழுந்த விரிசல் வெகுகாலம் ஆறவில்லை. பெற்றோருக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் யாரை அனுப்புவது என்பதை அவர்கள் கையில் எடுக்கும் முன், அனுப்பும் முறை என்ன என்று எழுதி எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: "எச்.எம். மிஸ் ரூம்ல அழுதாங்கம்மா" என்று மகள் வந்து சொல்கிறாள். ஆறாம் வகுப்பு. என்ன சொல்ல?
– ஒரு தாய், புதுச்சேரி

"பெரியவங்களுக்கும் அழுகை வரும்டா. நாளைக்குப் பார்த்தா வணக்கம் சொல்லு." அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். யார் வந்தார், என்ன பேசினார் என்று கேட்க ஆரம்பித்தால் அவள் ஒட்டுக்கேட்கப் பழகுவாள்.

கேள்வி: மனு எழுதத் தெரியவில்லை. ஒரு மாதிரி சொல்லுங்கள்.
– ஒரு தந்தை, அரியலூர்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு இந்தத் தேதியிலிருந்து கணக்குப் பாடம் நடக்கவில்லை. கால அட்டவணைப்படி வாரத்தில் இத்தனை பீரியட் நடக்க வேண்டும். மாற்று ஆசிரியர் நியமித்து, விடுபட்ட பாடத்தை அரையாண்டுக்குள் முடித்துத் தரக் கேட்டுக்கொள்கிறோம்." எச்.எம். பெயரும் தாளாளர் பெயரும் அதில் வரவே கூடாது. பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் வகுப்பை எழுதுங்கள், பிள்ளையின் பெயர் வேண்டாம். ஒரு நகல் பள்ளிக்கு, ஒன்று மாவட்டக் கல்வி அலுவலருக்கு. பதினைந்து நாளில் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனு எண் போட்டு ரசீது தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.